மேல் ராடு எதிர்ப்பக்கம் சுற்ற வேண்டும்

ஊட்டி மலை ரயிலின் எக்ஸ் கிளாஸ் நீராவி இன்ஜினைப் பார்த்து நான் செய்த மாதிரியைப் பெரியப்பா முதன்முதலில் பார்த்த அன்று கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார். கைப்பிடியை இரண்டு சுற்று சுற்றினார். "கண்ணு, மேல் ராடும் கீழ் ராடும் ஒரே பக்கமா சுத்துதே?" என்றார். ராடு என்றால் சிலிண்டரின் தள்ளலைச் சுழலும் அச்சுக்குக் கொண்டுபோகும் கம்பி. ஆமாம் என்றேன். "அப்ப இது எக்ஸ் இல்ல. வேற ஏதோ ஒண்ணு." அவ்வளவுதான். டீயைக் குடித்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இரண்டு மாத வேலை அது. அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை.

குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். மிக்சி, ஃபேன், தண்ணீர் மோட்டார் என்று வந்ததைப் பார்ப்பேன். பெரியப்பா குன்னூர் லோகோ ஷெட்டில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சின்ன வயதில் அவருக்குச் சாப்பாட்டுத் தூக்கு கொண்டுபோகும் சாக்கில்தான் எனக்கு இந்த ரயில் கிறுக்கு பிடித்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து கிளம்பிய வண்டி பத்து, பத்தரை வாக்கில் ஊருக்குள் நுழையும்போது இன்றைக்கும் கடையில் கை நின்றுவிடும். வாடிக்கையாளர்களுக்கும் இது பழகிவிட்டது.

ஸ்விட்சர்லாந்தின் விண்டர்தூர் ஊரில் இந்த மலைக்கென்றே செய்து அனுப்பிய எக்ஸ் கிளாஸ் இன்ஜின்கள் மொத்தம் 17. முதலாவது 1914இல் வந்தது, கடைசியாக வந்தவை 1952இல். அவை ஒவ்வொன்றாக ஓரங்கட்டப்பட்டதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பாய்லருக்கு வயதாகிவிட்டது, உதிரிப் பாகம் கிடைக்காது, வருகிற கரியில் பாதி சாம்பல். கோடையில் புகைபோக்கியிலிருந்து பறக்கும் பொறி காட்டைப் பற்ற வைத்துவிடும் என்ற பயம் வேறு. சிலவற்றை ஆயிலுக்கு மாற்றினார்கள். 2011க்கும் 2014க்கும் இடையே திருச்சி பொன்மலைப் பணிமனையில் ஆயிலில் ஓடும் புது எக்ஸ் இன்ஜின்கள் நான்கு செய்தார்கள். 2021இல் கரியில் ஓடும் ஒன்றையும் செய்தார்கள். ஆக வகை சாகவில்லை, சுவிஸ்காரர்களில் பலர்தான் விடைபெற்றார்கள். கோவை ரயில் நிலையத்துக்கு வெளியே பெயின்ட் அடித்து நிறுத்தியிருக்கிறார்களே, அதுவும் இந்தக் குடும்பம்தான். ஆட்டோ ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும்.

அப்படி நிற்கும் இன்ஜினை எத்தனை தடவை சுற்றி வந்தாலும் அது என்ன செய்யும் என்று தெரியாது. கோவையில் என்னைப் போலவே ரயில் கிறுக்கு பிடித்த ஒரு நண்பர் இருக்கிறார். அவருடைய மகன் அதைப் பார்த்துவிட்டு, "மாமா, இதுக்கு ஏன் ஒரு பக்கத்துல ரெண்டு சிலிண்டர்?" என்று கேட்டான். வாயால் சொல்லிப் பார்த்தேன், கையை ஆட்டிக் காட்டினேன். அவனுக்குப் புரியவில்லை. எனக்கே பாதிதான் புரிந்திருக்கிறது என்பது சொல்லும்போதுதான் உறைத்தது. சுற்றிக் காட்டுகிற மாதிரி ஒன்று செய்துவிடுவோம் என்று இறங்கினேன். சென்ற ஜூன் மாதம்.

பாய்லர், கேபின் எல்லாம் வேண்டாம், அடிச்சட்டம் மட்டும் போதும் என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டேன். மேல்பாகத்தைப் போட்டால் பார்க்க அழகாக இருக்கும், பார்க்க வேண்டியது மறைந்துவிடும். அளவு பத்தில் ஒன்று. மலை ரயிலின் பாதை மீட்டர் கேஜ், பத்தில் ஒன்று என்றால் 100 மில்லிமீட்டர். கணக்குப் போட கால்குலேட்டரே வேண்டாம்.

சட்டத்துக்கு சில்வர் ஓக் பலகை எடுத்தேன். இங்கே தேயிலைத் தோட்டத்துக்குத் தோட்டம் நிழலுக்கு நிற்கிற மரம், தச்சரிடம் துண்டு எப்போதும் கிடக்கும். சிலிண்டருக்கு 50 மில்லிமீட்டர் பிவிசி பைப். அச்சுக்கு 6 மில்லிமீட்டர் இரும்புக் கம்பி. அச்சு சுற்றும் இடத்துக்கு என் கடைக் குப்பையிலிருந்தே புஷ் எடுத்துக்கொண்டேன், பழைய டேபிள் ஃபேனிலிருந்து கழற்றியவை. சக்கரம் 81.5 மில்லிமீட்டர். எக்ஸ் இன்ஜினுக்கு ஒன்றோடொன்று ராடால் கோத்த நான்கு ஜோடிச் சக்கரங்களும், பின்னால் சும்மா உருளும் ஒரு ஜோடியும் உண்டு.

கோக்கும் ராடு விஷயத்தில் மட்டும் ஒரு யோசனை சொல்லிவிடுகிறேன், செய்ய நினைப்பவர்களுக்கு உதவும். நான்கு அச்சுக்குச் சட்டத்தில் துளை போட்டுவிட்டு, அப்புறம் ராடில் தனியாக அளந்து துளை போட்டால் கண்டிப்பாக இறுகும். அரை மில்லிமீட்டர் தப்பினால் போதும், சக்கரம் ஒரு இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். சட்டம் இரண்டு, ராடு இரண்டு, நான்கையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிளாம்ப் போட்டு ஒரே தடவையில் துளையிட வேண்டும். துளை தப்பினாலும் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி தப்பும், இறுகாது. இன்னொன்று, இடது பக்கத்து கிராங்கும் (அச்சில் ராடு மாட்டும் கை) வலது பக்கத்து கிராங்கும் ஒன்றுக்கொன்று கால் சுற்றுத் தள்ளி இருக்க வேண்டும். மூலை மட்டம் வைத்துப் பார்த்து ஒட்டினேன்.

சரி, பெரியப்பா தள்ளிவிட்ட முதல் மாதிரிக்கு வருகிறேன். அதில் மேல் சிலிண்டரின் தண்டிலிருந்து கீழே சக்கரத்துக்குத் தையல் மெஷின் பெல்ட் மாட்டியிருந்தேன். பெல்ட் போட்டால் இரண்டும் ஒரே பக்கம்தானே சுற்றும்? அது தப்பு என்றே எனக்குத் தோன்றவில்லை. எத்தனையோ நாள் பிளாட்பாரத்தில் நின்று பார்த்த இன்ஜின், ஃபோனில் நூறு வீடியோ கிடக்கிறது, ஆனாலும் கண்ணில் விழவில்லை. அன்று ராத்திரி எடுத்துப் பார்த்தேன். கீழ் ராடு நிதானமாக முன்பக்கம் சுற்றுகிறது. மேல் ராடு அதைவிட வேகமாக, பின்பக்கம் சுற்றுகிறது.

காரணம் எளிதுதான். கீழ் சிலிண்டர் தண்டவாளத்தில் ஓடும் சாதாரணச் சக்கரத்தைச் சுற்றுகிறது. மேல் சிலிண்டர் பினியனை, அதாவது நடுவே இருக்கும் பல் தண்டவாளத்தைக் கவ்வி ஏறும் பல்சக்கரத்தைச் சுற்றுகிறது. அதை நேரடியாகச் சுற்றாமல், நடுவில் ஒரு தண்டைச் சுற்றி, அதிலிருக்கும் சின்ன கியர் பினியன் தண்டிலிருக்கும் பெரிய கியரைத் தள்ளுகிறது. கியரும் கியரும் கடித்தால் எதிரெதிர்ப் பக்கம்தான் சுற்றும். சின்னது பெரியதைத் தள்ளுவதால் சின்னது அதிகச் சுற்று சுற்றியாக வேண்டும்.

இது புரிந்ததும் இன்னொரு முடிச்சும் தானாக அவிழ்ந்தது. வண்டி கல்லாறு தாண்டி ஏறும்போது அதன் வேகம் சைக்கிளை விடக் குறைவு. ஆனால் மூச்சிரைப்பு மட்டும் ஓடுகிறவனுடையது மாதிரி கேட்கும். நீராவி முதலில் கீழ் சிலிண்டரில் வேலை செய்து, மிச்ச சக்தியோடு மேல் சிலிண்டருக்குப் போய், அங்கிருந்துதான் புகைபோக்கிக்குப் போகிறது. நாம் கேட்கிற சத்தம் வேகமாகச் சுற்றுகிற மேல் சிலிண்டரின் மூச்சு. மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லாறு வரை சமதரையில் மேல் ராடு அசையாது. கீழ் ஜோடி மட்டும் வேலை செய்யும், சத்தமும் நாம் சினிமாவில் கேட்கிற சாதாரண ரயில் சத்தம்தான். நாற்பது வருடம் கேட்ட சத்தத்துக்கு இப்போதுதான் பொருள் தெரிந்தது. கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

இரண்டாவது மாதிரிக்கு நிஜமான பல் தண்டவாளம் வேண்டும் என்று ஆகிவிட்டது. கல்லாறிலிருந்து குன்னூர் வரை, ஏறக்குறைய 20 கிலோமீட்டர், இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே பல் வெட்டிய இரண்டு பார்கள் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. ஆப்ட் முறை என்று பெயர். ஒரு பாரின் பல் இருக்கும் இடத்தில் அடுத்த பாரில் பள்ளம் இருக்கும். அதனால் எந்த நொடியிலும் பினியனின் ஏதோ ஒரு பல் முழுக்கக் கவ்வியிருக்கும். இரண்டு பார்களுக்கும் இடைவெளி 44 மில்லிமீட்டர், தண்டவாளத்தைவிட 65 மில்லிமீட்டர் உயரம். பல்லுக்குப் பல் 120 மில்லிமீட்டர், எனக்கு 12.

மேடையை 120 சென்டிமீட்டருக்கு வைத்தேன், எங்கள் வீட்டுப் பெஞ்சு அவ்வளவுதான் நீளம். முதல் 30 சென்டிமீட்டர் சமதரை, அதுதான் கல்லாறு. மீதி 90 ஏற்றம். இந்தப் பாதையின் மிகச் செங்குத்தான இடத்தில் பன்னிரண்டு அடி போனால் ஒரு அடி ஏறும். அந்தக் கணக்கில் 90க்கு ஏழரை சென்டிமீட்டர் தூக்கிவிட்டேன். ஏழரை என்று கேட்டால் ஒன்றுமில்லை போலிருக்கும். ஒரு பென்சிலை அதில் வைத்தால் பிடிக்க முடியாமல் உருண்டு ஓடுகிறது.

பினியனுக்கு இருபது பல். இங்க்ஸ்கேப் என்ற கம்ப்யூட்டர் வரைபட மென்பொருளில் கியர் வரைய ஒரு வசதி இருக்கிறது, இலவசம்தான். வரைந்து, கடைவீதியில் ஒரு கடையில் பிரிண்ட் எடுத்து, 6 மில்லிமீட்டர் எம்டிஎஃப் (மரத்தூளை அழுத்திச் செய்த) பலகையில் ஒட்டி, ஃப்ரெட் வாளால் மூன்று ராத்திரி அறுத்தேன். ரேக்கில், அதாவது பல் தண்டவாளத்தில் வைத்துப் பார்த்தால் நாலாவது பல்லிலேயே ஏறிக்கொள்கிறது. அறுத்தது கோணலோ என்று அரம் போட்டு அரம் போட்டு இன்னும் கெடுத்தேன். கடைசியில் பார்த்தால் பிரிண்டரில் 'பக்கத்துக்குப் பொருத்து' என்று இருந்திருக்கிறது. 100 மில்லிமீட்டர் கோடு 97 மில்லிமீட்டராக வந்திருக்கிறது. கடைக்காரரைச் சொல்லிக் குற்றமில்லை, நான்தான் ஸ்கேல் வைத்துப் பார்க்கவில்லை. இப்போதெல்லாம் எந்த வரைபடம் எடுத்தாலும் ஓரத்தில் 100 மில்லிமீட்டர் கோடு ஒன்று போட்டுவிடுகிறேன். முதலில் அதை அளப்பேன், அப்புறம்தான் வாள்.

மறுபடி அறுத்தேன். பினியனுக்கு ஒரே மாதிரி இரண்டு வட்டு, அரைப் பல் தள்ளி ஒட்டியது. அசலில் பினியன் ஒன்றுக்கு மேல் உண்டு, காட்டுவதற்கு ஒன்று போதும் என்று விட்டேன். கியருக்கு 18 பல்லும் 36 பல்லும், கணக்கு சுலபமாக இருக்கட்டும் என்று. கைப்பிடியை மேல் தண்டில் மாட்டினேன். மேல் ராடு பின்பக்கம் இரண்டு சுற்று, பினியன் முன்பக்கம் ஒரு சுற்று. அருமை. கீழ்ச் சக்கரமும் சுற்ற வேண்டுமே என்று பினியன் தண்டிலிருந்து சக்கரத்துக்கும், பக்கம் மாறாமலிருக்க நடுவில் ஒரு கியர் வைத்து, ஒன்றுக்கு ஒன்று என்று கியர் போட்டு இணைத்துவிட்டேன்.

இங்கேதான் மாட்டிக்கொண்டேன். கையில் தூக்கிப் பிடித்துச் சுற்றினால் வெண்ணெய். மேடையில் வைத்து ஏற்றினால் கால் சுற்றுக்குள் இறுகி நிற்கிறது. அழுத்திச் சுற்றினேன், பினியனில் ஒரு பல் உடைந்து பீரோவுக்கு அடியில் போய்விட்டது. எண்ணெய் விட்டுப் பார்த்தேன், புஷ்ஷைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நான்கு நாள் கழித்து வேறு வழியில்லாமல் பெரியப்பா வீட்டுக்கு அதைத் தூக்கிக்கொண்டு போனேன்.

அவர் இந்தத் தடவை கண்ணாடியைக் கழற்றவில்லை. மேல் ராடு எதிர்ப்பக்கம் போவதைப் பார்த்து, "ம்ம்" என்றார். அது பெரிய பாராட்டு. அப்புறம் உள்ளே எட்டிப் பார்த்தார். "பினியனையும் வீலையும் ஏன் கட்டிப்போட்டிருக்கே?"

"அசல்ல எப்படி பெரியப்பா சேர்ந்திருக்கும்?"

"எங்கேயும் சேர்ந்திருக்காது. ஒரே இன்ஜினுக்குள்ள ரெண்டு இன்ஜின். அதுபாட்டுக்கு அது, இதுபாட்டுக்கு இது."

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். பினியனில் இருபது பல், பல்லுக்கு 12 மில்லிமீட்டர், ஒரு சுற்றுக்கு 240 மில்லிமீட்டர் நகரும். என் சக்கரம் ஒரு சுற்றுக்கு 256 மில்லிமீட்டர் நகரும். இரண்டையும் ஒன்றுக்கு ஒன்று என்று பூட்டினால் சுற்றுக்கு 16 மில்லிமீட்டர் யாராவது ஒருவர் வழுக்கியாக வேண்டும். பல் வழுக்காது. சக்கரம் உரசித் தேய வேண்டும், இல்லையென்றால் எல்லாம் நின்றுவிடும். அப்படியானால் பினியனுக்கு 21 பல் வைத்தால்? 252 ஆகும், வித்தியாசம் நாலுதான். மறுநாள் இதைச் சொன்னேன். பெரியப்பா சிரித்துவிட்டார். "சக்கரம் தேயாதா? தேஞ்சா லேத்துல கடைஞ்சு மாட்டுவோம், இன்னும் சின்னதாகும். நீ ஒவ்வொரு தடவையும் பல்லை மாத்திட்டே இருப்பியா?"

அப்புறம் அவர் சொன்னதுதான் இந்தப் பதிவே எழுதுவதற்குக் காரணம் என்று சொல்ல வேண்டும். இரண்டையும் இணைப்பது இரும்பு இல்லை, நீராவி. கீழ் சிலிண்டர் வேலை முடித்து விடும் நீராவி ஒரு குழாய் வழியாக மேல் சிலிண்டருக்குப் போகிறது. பனியிலோ மழையிலோ தண்டவாளம் ஈரமாகிக் கீழ்ச் சக்கரம் வழுக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். சக்கரம் வேகமாகச் சுற்றும், அதனால் குழாய்க்குள் அதிக நீராவி போய் அழுத்தம் ஏறும். மேல் சிலிண்டருக்கு அது கூடுதல் பலம், பினியன் இன்னும் இறுக்கித் தள்ளும். அதே அழுத்தம் கீழ் சிலிண்டரின் வெளிவாசலை அடைத்துக்கொண்டு நிற்பதால், வழுக்குகிற சக்கரமும் தானாக அடங்கும். டிரைவர் கை வைக்க வேண்டியதில்லை.

"ரெண்டு மாட்டை நுகத்துல பூட்டுற மாதிரின்னு நினைச்சுட்டே. அப்படி இல்ல. மேல் வயல்ல பாஞ்ச தண்ணி கீழ் வயலுக்குப் போற மாதிரி. இங்க அது கீழிருந்து மேலுக்குப் போகுது, அவ்வளவுதான்" என்றார். ஒரு ஃபிட்டர் முப்பது வருடம் கையில் வைத்திருந்த விஷயம் அது. எந்தப் படத்தைப் பார்த்தும் எனக்கு இது தெரிந்திருக்காது.

கீழ்ச் சக்கரத்துக்குப் போன கியரைக் கழற்றி எறிந்தேன். சக்கரம் தண்டவாளத்தில் தன்பாட்டுக்கு உருளட்டும், உருளும்போது கீழ் ராடு ஆடட்டும். பினியன் மட்டும் கைப்பிடியால் சுற்றட்டும். இது நீராவியின் வேலையைக் காட்டாது, ஆனால் பொய்யும் சொல்லாது. முட்டல் அன்றோடு போய்விட்டது. சமதரையில் கையால் தள்ளினால் மேல் ராடு அசையாமல் நிற்கிறது, ரேக்கில் ஏறியதும் எதிர்ப்பக்கம் சுற்றத் தொடங்குகிறது. நான் முதலில் ஆசைப்பட்டதைவிட இது நன்றாக வந்துவிட்டது, வேலையைக் குறைத்ததால் வந்தது.

அக்டோபர் பிறந்தது. குன்னூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். வடகிழக்குப் பருவமழை பிடித்தால் இங்கே தீப்பெட்டிகூட ஈரமாகும். பாதையில் மண் சரிந்து வண்டியையும் நிறுத்திவிட்டார்கள். காலையில் மேடையை எடுத்துப் பார்த்தால் எம்டிஎஃப் கியர் எல்லாம் பிஸ்கட் டீயில் ஊறியது மாதிரி உப்பியிருக்கிறது. பல் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டது. ரேக்கை பிளைவுட்டில் வெட்டியிருந்தேன், அது வாழைப்பழம் மாதிரி வளைந்துவிட்டது. எம்டிஎஃப் எனக்குத் தெரிந்து கீழ்நாட்டுச் சரக்கு, மலைக்கு ஆகாது.

கியரை மரைன் பிளையில் மறுபடி அறுத்து, அறுத்த விளிம்பு முழுக்க அரக்கு பாலிஷ் குடிக்கிற அளவுக்குக் குடிக்க விட்டேன், மூன்று கை. ஈரம் உள்ளே போவது விளிம்பு வழியாகத்தான், முகத்தில் மட்டும் அடித்துப் பயனில்லை. ரேக்குக்கு அலுமினியப் பட்டை, 5 மில்லிமீட்டர் தடிமன். இரண்டு பட்டையையும் சேர்த்துக் கிளாம்ப் போட்டு ஒரே நேரத்தில் வெட்டினால் 75 பள்ளத்தோடு முடிந்தது, இல்லாவிட்டால் 150. ஹாக்சாவில் இரண்டு வெட்டு, நடுத்துண்டை உளியால் தட்டி எடுத்து, அரத்தால் சாய்வு. பள்ளத்துக்கு ஏழெட்டு நிமிஷம். கவராயத்தால் பல்லுக்குப் பல் தாண்டிக் குறித்துக்கொண்டு போகாதீர்கள், தப்பு சேர்ந்துகொண்டே போகும். ஒரு முனையிலிருந்தே இரும்பு ஸ்கேலில் 12, 24, 36 என்று குறிக்க வேண்டும். வெட்டி முடித்த பிறகு ஒரு பட்டையை 6 மில்லிமீட்டர் நகர்த்தி வைத்துத் திருகினால் ஆப்ட் ரேக் தயார். நடுவே 4.4 மில்லிமீட்டர் வேண்டும். 4 மில்லிமீட்டர் வாஷரில் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றினேன், அது என் கடையில் பஞ்சமில்லாத பொருள்.

கடைசி தலைவலி நுழைவாயில். சமதரையிலிருந்து வந்து ரேக்கில் நுழையும்போது பினியனின் பல்லும் ரேக்கின் முதல் பல்லும் நேருக்கு நேர் முட்டினால் இன்ஜின் ஒரு குதி குதிக்கிறது. பத்துக்கு நாலு தடவை. முதல் பல்லைத் தேய்த்துப் பார்த்தேன், சரிப்படவில்லை. மழை விட்டு வண்டி ஓடத் தொடங்கியதும் ஸ்டேஷன் முனையில் போய்ப் பார்த்தேன். அசலிலும் ரேக் தொடங்கும் இடத்தில் உள்ள பார் மற்றதைப் போல இறுக்கி வைத்ததில்லை, ஸ்பிரிங்கில் உட்கார்ந்திருக்கிறது. பல் முட்டினால் பார் கீழே அமுங்கிக் கொடுக்கும், அடுத்த நொடி பல் பள்ளத்தில் விழுந்ததும் மேலே வந்துவிடும். டிரைவரும் அந்த இடத்தில் வண்டியை நடை வேகத்துக்குக் கொண்டுவந்து மெல்ல நுழைப்பார். நூறு வருடத்துக்கு முன்பே எவனோ என்னைப் போலத் தலையைப் பிய்த்துக்கொண்டுதான் இதைக் கண்டுபிடித்திருக்க வேண்டும். ரேக்கின் முதல் பத்து சென்டிமீட்டரைத் தனியாக அறுத்து, ஒரு முனையில் கீல் வைத்து, மறுமுனைக்கு அடியில் பால்பாயின்ட் பேனா ஸ்பிரிங் இரண்டு வைத்தேன். குதிப்பு நின்றது. பேனா இரண்டும் என் மகளுடையவை. அதற்குத் தனியாகப் பஞ்சாயத்து நடந்தது.

ஜனவரியில் பெரியப்பா வந்தார். கோவை நண்பரும் மகனோடு வந்திருந்தார். ஒரு மரப்பெட்டியை இன்ஜினுக்கு முன்னால், மேட்டுப்பக்கம் வைத்தேன். இந்த மலையில் ஏறும்போது இன்ஜின் இழுப்பதில்லை, பின்னாலிருந்து தள்ளும். கடைகளில் விற்கிற ஊட்டி ரயில் பொம்மைகளில் இன்ஜின் முன்னால் இருக்கும், பார்க்கிறபோதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். பையன் கைப்பிடியைச் சுற்றினான். கீழ் ராடு ஒரு பக்கம், மேல் ராடு மறுபக்கம். "ஓ, இதுக்குத்தான் ரெண்டா!" என்றான்.

நண்பர் உணர்ச்சிவசப்பட்டுவிட்டார். கரி இன்ஜின் போனதோடு மலையின் உயிரே போய்விட்டது, ஆயில் வாசனை தனக்குப் பிடிக்கவில்லை என்றெல்லாம் சொன்னார். பெரியப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். "தம்பி, கரி அள்ளுன ஃபயர்மேன் யாரும் அழுகலீங்க" என்றார். "குன்னூர் வந்து இறங்குறப்ப முதுகை நிமித்த முடியாது. கண்ணுக்குள்ள தூள். ஆயில் வந்தப்ப அவன் அவன் சாமிக்குத் தேங்காய் உடைச்சான்." நண்பர் பேச்சை மாற்றினார். எனக்கு இரண்டு பேர் மேலும் கோபமில்லை. கரி வாசனை எனக்கும் வேண்டும்தான், ஆனால் அள்ளுகிற கை என்னுடையது இல்லையே.

சூடு தணிய, பெரியப்பா கைப்பிடியை விட்டுவிட்டார். அதாவது, மேட்டு உச்சியில் இருந்த இன்ஜினை. விட்டதும் அது கிளம்பியது. கியரோடு, ராடோடு, மேல் ராடு ஈ இறக்கை மாதிரி சுழல, முன்னாலிருந்த பெட்டியும் பின்னாலேயே தொற்றிக்கொண்டு வர, கல்லாறைத் தாண்டி, பெஞ்சைத் தாண்டி, கீழே வைத்திருந்த தண்ணீர்க் குடத்தில் போய் மோதியது. ஒரு சிலிண்டர் கழன்றுவிட்டது. பையன் கைதட்டினான்.

"பிரேக் இல்லாம மலை ஏத்தின முதல் ஆள் நீதான் கண்ணு" என்றார் பெரியப்பா. இறங்கும்போதுதான் உண்மையான வேலை என்றார். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிரேக்ஸ்மேன் கொடியோடு நிற்பது சும்மா இல்லை. இன்ஜினிலும் நீராவியை மூடிவிட்டு, சிலிண்டரையே காற்றை அமுக்குகிற பம்பு மாதிரி ஆக்கி, அந்த எதிர்ப்பிலேயே வண்டியை இறக்குவார்கள். அமுங்குகிற காற்று சூடாகும், அதைத் தணிக்கத் தண்ணீர் விட்டுக்கொண்டே வருவார்கள். இறங்கி வருகிற வண்டியில் தெரியும் வெண்புகையில் பாதி அந்தத் தண்ணீர்தான்.

காற்று பிரேக் எனக்கு இப்போதைக்கு ஆகாது. பெரியப்பா பிரிண்ட் எடுத்த தாளின் பின்பக்கத்தில் பினியன் தண்டைச் சுற்றி ஒரு பட்டை பிரேக் வரைந்து கொடுத்தார், ஒரு முனை சட்டத்தில், மறுமுனை நெம்புகோலில். பட்டைக்குத் தோல் வேண்டும். முதல் மாதிரியிலிருந்து கழற்றி எறிந்த தையல் மெஷின் பெல்ட்டைத் தேடிக்கொண்டிருக்கிறேன். பீரோவுக்கு அடியில் கைவிட்டபோது அன்றைக்கு உடைந்த பல் கிடைத்தது, பெல்ட் இன்னும் கிடைக்கவில்லை.